மூன்றாம் நம்பர் பிரஸ்

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னதும் ஸ்டெத் சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. போவார், கையிலிருக்கும் எண்ணெயைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே எந்த மெஷின் ஏன் நின்றது என்று சொல்வார், திரும்பிவிடுவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் மறுவாரம் வேலைக்கு வருவதில்லை என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த விஷயம்.

ஸ்டெத் என்பது ஆட்கள் வைத்த பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மெஷின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து மார்பைச் சோதிப்பதுபோலக் கண்ணை மூடி நிற்பார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கார் கதவுப் பூட்டுக்கான பாகங்களை இரும்புத் தகட்டிலிருந்து பிரஸ் மெஷினில் அடித்தெடுக்கும் தொழிற்சாலை அது. அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் அவர். முதலாளி குடும்பம் தொழிற்சாலையைக் கடல் கடந்த ஒரு கம்பெனிக்கு விற்றபோது வாசலில் போர்டு மாறியது, அடையாள அட்டை மாறியது. வேலை மாறவில்லை. அதனால் பயம் வேண்டாம் என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பிரஸ் லைன் மொத்தமா அந்தப் பக்கம் போகுது சார்" என்றார் மேனேஜர். "இங்க குடோன் மட்டும்தான் இருக்கும்."

"எந்தப் பக்கம் சார்?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டுதான் இருந்தது. "அங்க கூலி கம்மி. நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

"அப்ப நாங்க?"

"உங்களுக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன். அங்கேர்ந்து ஒருத்தர் வர்றார். மெஷினைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிக்கொடுத்துடுங்க. அப்புறம் சர்வீஸ் டெஸ்க்னு ஒண்ணு வெக்கப்போறாங்க. அங்க மெஷின் மக்கர் பண்ணா இங்கேர்ந்து போன்ல சரிபண்ணிக் கொடுக்கணும். அதுக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

மேனேஜர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "அவங்களுக்கு நீங்க தேவைப்படற வரைக்கும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடிவிட்டு, "உங்களுக்கு இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டாள். மற்றவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று இரண்டு பேருக்குமே பட்டது.

மாசம் பிறந்தால் சம்பளம், வருஷம் பிறந்தால் கொஞ்சம் உயர்வு என்று ஓடிக்கொண்டிருந்த குடும்பம். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வசதிக்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இல்லாதவர்கள் என்றும் சொல்ல மாட்டார்கள். விழுந்தால் எங்கே போய் நிற்போம் என்று தெரியாத ஓர் உயரத்தில் இருந்தார்கள். எங்கே போய் நிற்போம் என்பதற்கு உதாரணம் அதே அடுக்குமாடியில், ஒரு மாடி கீழே இருந்த வீட்டிலேயே இருந்தது. கீழ்வீட்டுக்காரர் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். ஆர்டரெல்லாம் வேறு நாட்டுக்குப் போய்க் கம்பெனி மூடியபிறகும், காலையில் இஸ்திரி போட்ட சட்டையில் இறங்குவார். காரைத் துடைப்பார். உள்ளே ஏறி உட்காருவார். கார் கிளம்பாது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி மேலே போய்விடுவார். அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார்கள். ஒட்டுவாரொட்டி மாதிரி அது தங்களுக்கும் வந்துவிடுமோ என்று ஒரு பயம்.

மெஷின் வேலை கற்றுக்கொள்ள வந்த ஆள் நாற்பதைத் தொட்டவர். எந்நேரமும் தலையில் ஒரு நீலத் தொப்பி. அதனால் முதல் நாளே தொப்பிக்காரர் ஆகிவிட்டார். அவர் பேசுவது இங்கே யாருக்கும் புரியாது, இங்கே பேசுவது அவருக்குப் புரியாது. கையில் ஒரு போன் வைத்திருந்தார். அதில் அவர் தன் மொழியில் பேசினால் அது தமிழில் திருப்பிச் சொல்லும்.

"வணக்கம். தங்களிடம் பணிந்து கற்க வந்துள்ளேன். தங்கள் இயந்திரங்கள் நலமா?" என்றது போன்.

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். "யோவ், போனுக்குள்ள யாரோ புலவர் உட்காந்திருக்காருய்யா" என்றார் உதிரி பாகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர். அன்றைக்குச் சிரித்ததுதான். வந்தவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தபிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. டீ நேரத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். போகப்போக, ஸ்டெத் சார் உட்கார்ந்த பெஞ்சிலும்.

தொப்பிக்காரர் கெட்டிக்காரர். ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார். தகட்டை அடிக்கக் கீழே இறங்கும் கனமான பாகத்தை இங்கே எல்லாரும் தலை என்பார்கள். "தலை கீழ வரும்போது கை உள்ள இருக்கக் கூடாது" என்று ஸ்டெத் சார் சொல்ல, போன் என்னத்தைச் சொன்னதோ, தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தன் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மெஷின்கள் ஓடும் நேரத்தில் அந்தப் போனும் பயன்படாது. இரைச்சலில் கையால்தான் பேச வேண்டும். ஒரு விரலைச் சுழற்றினால் ஓட்டு. விரித்த உள்ளங்கையில் முஷ்டியால் குத்தினால் சிவப்புப் பொத்தானை அடி, அதாவது உடனே நிறுத்து. இதெல்லாம் அங்கே எல்லாருக்கும் பழக்கமான சைகைகள். அவரும் பழகிக்கொண்டார்.

ஸ்டோர்காரர் ஒருநாள் ஸ்டெத் சாரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"எல்லாத்தையும் கக்கிடாதீங்க சார். ஒண்ணு ரெண்டை வயித்துக்குள்ளயே வெச்சுக்கோங்க. அங்க போய் மெஷின் நிக்கட்டும். உங்களைத்தானே கூப்பிடணும்? கூப்பிட்டுக்கிட்டே இருந்தாத்தானே நீங்க இருப்பீங்க?"

"சேச்சே, அதெல்லாம் தப்பு" என்றார் ஸ்டெத் சார். ஆனால் அவர் சொன்ன நிமிஷமே மூன்றாம் நம்பர் பிரஸ் மனதில் வந்து நின்றுவிட்டது.

அந்த பிரஸ்ஸில் ஒரு கோளாறு இருந்தது. தலையை இழுத்துப் பிடித்து நிறுத்துவது காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு வால்வு. காற்றுக் குழாய் பின்பக்கம் தாழ்வாக வளைந்து போவதால் காற்றிலிருக்கும் ஈரம் அந்த வளைவில் தண்ணீராகத் தேங்கும். தேங்கினால் வால்வு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால், யாரும் எதையும் அழுத்தாமலேயே தலை இரண்டாம் தடவை இறங்கிவிடும். ஒருதடவை அப்படி இறங்கியும் இருக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்தவனின் கையுறை விரல் நுனி மட்டும் போயிற்று, விரல் தப்பியது. புது வால்வும் புதுக் குழாயும் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவேயில்லை. அதன்பிறகு தினமும் காலையில் ஷிப்ட் தொடங்குமுன் அவரே பின்பக்கம் போய்க் குனிந்து, அடியிலிருக்கும் சின்னக் குழாய்த் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, வால்வைத் துடைத்து வைப்பார். பல் தேய்ப்பதுபோல அது ஒரு பழக்கம். யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

மறுநாளும் தொப்பிக்காரர் ஷிப்டுக்கு வருமுன்பே ஸ்டெத் சார் அதைச் செய்து முடித்துவிட்டார். அதற்கு அடுத்த நாளும். மெஷின் நிற்கும், அவ்வளவுதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மெஷின் நிற்காது, தலை விழும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி சொன்னதால் தொப்பிக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டார். "அவர் மனசுல நமக்கு ஒரு இடம் இருக்கட்டுமே" என்றாள் அவள். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்துப் பேசினார்கள். தொப்பிக்காரர் அங்கே தயாராகிக்கொண்டிருக்கும் கூடத்தைப் படம்பிடித்து வைத்திருந்தார். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். நீலத் தொப்பி போட்ட பெண்கள் வரிசையாக நின்று, மரத்தால் செய்த பொம்மை மெஷினில் கையை விட்டு எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

"இவள் என் இளைய சகோதரி. இவளுக்கு அச்சம் என்பதே கிடையாது" என்றது போன். தொப்பிக்காரர் படத்தை நிறுத்திவிட்டு மறுபடி பேசினார். "எனக்கு உண்டு. இதற்கு முன் நான் பணியாற்றிய ஆலையும் வேறொரு நாட்டுக்குச் சென்றது. அவர்களுக்கு நானே கற்பித்தேன். இயந்திரப் பெட்டிகளுக்கு நானே ஆணி அடித்தேன். தங்கள் முகத்தைக் காணும்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது. மன்னிக்கவும்."

ஸ்டெத் சாருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. மூணாம் நம்பர்ல ஒரு விஷயம் இருக்குப்பா என்று ஆரம்பித்தால் போதும். அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். "அப்பா, அடுத்த வருஷம் ஹாஸ்டல்ல சேர்ந்துக்கட்டுமா? பஸ்லயே பாதி உசிரு போகுது" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஜன்னல் வழியே கீழ்வீட்டுக்காரரின் கார் தெரிந்தது. தொண்டையில் இருந்ததைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

மெஷின் பெட்டிகள் போயின, தொப்பிக்காரரும் போனார். கூடம் வெறிச்சோடியது. மெஷின்கள் இருந்த இடத்தில் தரையில் எண்ணெய்க் கறையும் போல்ட் குழிகளும் மட்டும் மிஞ்சின. வேலை போன மற்றவர்களை ஸ்டெத் சார் வாசல்வரை போய் வழியனுப்பினார். பாதிப்பேர் அவர் கையைப் பற்றினார்கள், பாதிப்பேர் பார்க்காததுபோலப் போனார்கள். ஸ்டோர்காரர் மட்டும் காதோரம் வந்து, "வயித்துல வெச்சிருக்கீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூடத்தின் ஒரு மூலையில் அவருக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். போன் அடிக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வரும். பெல்ட் தளர்ந்திருக்கிறது, விளக்கு எரியவில்லை என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான். சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனை வைப்பார். அடிக்காமல் இருந்தால் வேலை போய்விடுமோ என்று பயம். அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயம். மனைவி காய் நறுக்கும்போது அவரால் அடுக்களையில் நிற்க முடியவில்லை. "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பார். சோறு பாதியிலேயே நின்றுவிடும்.

மூன்றாம் நம்பரைத்தான் கடைசியாகப் பொருத்தினார்கள். ஞாயிறு மாலை தொப்பிக்காரரிடமிருந்து செய்தி வந்தது. சில நாளாகக் காற்றேற்றிச் சோதித்துப் பார்த்தாயிற்றாம், நாளைக் காலை அதை இயக்கத் தொடங்குகிறார்களாம். தங்கள் ஆசி வேண்டும் என்று போன் அதையும் புலவர் தமிழில் எழுதியிருந்தது.

மறுநாள் காலை மூன்று பேரும் ஒன்றாக வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். அவரும் மனைவியும் லிப்டுக்குள் போய்விட்டார்கள். மகள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிவந்தாள். கதவு மூடிக்கொண்டிருந்தது. எல்லாரும் செய்வதுபோல அவள் கையை இடையில் நீட்டினாள்.

ஸ்டெத் சார் அலறிவிட்டார். அது மனுஷக் குரல் மாதிரியே இல்லை. கதவு அவள் கையில் பட்டுத் திறந்துகொண்டது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. "என்னப்பா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் லிப்டின் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. நெஞ்சுவலியோ என்று மனைவி சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தாள்.

"வலியில்ல. வெளிய வா. சொல்லணும்."

படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார். வால்வு, தண்ணீர், கையுறை, ஸ்டோர்காரர் சொன்னது, தான் சொல்லாதது, எல்லாம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மனைவியும் அதே வீட்டில் அதே பயத்தோடு குடியிருப்பவள்தானே.

"இப்ப சொன்னா உங்க வேலை?" என்றாள்.

"வேற எதுக்கு என்னை வெச்சிருக்கப்போறாங்க? மத்ததெல்லாம் அந்த ஆளுக்கு அத்துப்படி."

அவள் கீழே போகும் படிகளைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, "அந்த மெஷின் எத்தனை மணிக்கு ஓட ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.

"அங்க நமக்கு முன்னாடியே விடிஞ்சுடும். இந்நேரம் ஓடிட்டிருக்கும்."

"அப்ப என்னங்க உட்காந்திருக்கீங்க?" என்று கத்தினாள் அவள். "போடுங்க போனை!"

வீடியோவில் தொப்பிக்காரரின் முகம் வந்தது. சிரித்தது. வெள்ளைச் சுவர் கூடத்தின் நடுவே நடந்துகொண்டிருந்தார். அவர் பேசுமுன்பே ஸ்டெத் சாருக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. தடக். தடக். மூன்றாம் நம்பரேதான். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் காற்று வெளியேறும் சீழ்க்கை வர வேண்டும். வந்தது. ஆனால் கொஞ்சம் பிந்தி வந்தது. அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் பிந்தியது.

"நிறுத்து! நிறுத்துப்பா!"

போன் மொழிபெயர்த்தது. தொப்பிக்காரர் சட்டென்று நின்றார். மெஷின் நிற்கவில்லை, அவர்தான் நின்றார். என்ன தப்பு செய்தோம் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக.

"நீ இல்லய்யா! அதை! அதை நிறுத்து!"

"தயவுசெய்து அங்கேயே நிற்கவும்" என்பதுபோல என்னவோ அது மறுபடி சொல்லியிருக்க வேண்டும். தொப்பிக்காரர் அசையவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நீலத் தொப்பி போட்ட ஒருத்தி தகட்டை வைத்தாள், கையை எடுத்தாள், தலை இறங்கியது. தகட்டை வைத்தாள், கையை எடுத்தாள். நாக்கைத் துருத்தியவளா, வேறு யாருமா, தெரியவில்லை. ஸ்டெத் சார் போனை மனைவி கையில் திணித்துவிட்டு, இடது உள்ளங்கையை விரித்து, வலது முஷ்டியால் குத்தினார். மறுபடி குத்தினார். படிக்கட்டு முழுக்க அந்தச் சத்தம் எதிரொலித்தது. குத்திக்கொண்டே இருந்தார்.

தொப்பிக்காரரின் முகம் மாறியது. திரையில் கூரை தெரிந்தது, தரை தெரிந்தது, யாருடைய காலோ தெரிந்தது. ஓடுகிற சத்தம். தடக் என்று ஒரு அடி, அதை ஒட்டியே, சீழ்க்கை இல்லாமல், இன்னொரு அடி. ஒரு பெண்ணின் கூச்சல். பிறகு எல்லாம் நின்றுவிட்டது.

மூன்று பேரும் மூச்சு விடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரைதான் தெரிந்தது. மகள் அம்மாவின் புடவையைச் சின்னப் பிள்ளைபோலப் பிடித்துக்கொண்டாள்.

தொப்பிக்காரர் வந்தார். தொப்பி இல்லை. "இரண்டாம் முறை தானாக இறங்கியது. அவள் கையை எடுத்துவிட்டாள். தகடு உடைந்தது. கை உள்ளது" என்றது போன், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

ஸ்டெத் சார் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். பின்பக்கம் போ. குனி. அடியில் ஒரு திருகு இருக்கும். திற. தொப்பிக்காரர் திறந்தார். அங்கே தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. துருவேறிய பழுப்புத் தண்ணீர். காற்றேற்றிய நாளிலிருந்து யாரும் வடிக்காத தண்ணீர். அது நிற்கிறவரை தொப்பிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதைத் தாங்கள் முன்னரே அறிந்திருந்தீர்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நம்பியிருப்பார்கள்.

"தெரியும்" என்றார் ஸ்டெத் சார்.

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

போன் அதைச் சொல்லி முடித்தது. தொப்பிக்காரர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டெத் சாரின் முகத்தைப் பார்த்தார், அழைப்பைத் துண்டித்தார், திரை இருண்டுவிட்டது.

அதன்பிறகு மேஜைமேல் இருந்த போன் அடிப்பது குறைந்தது. பிறகு அடிக்கவேயில்லை. ஒருநாள் மேனேஜர் கூடத்து வாசலிலேயே நின்று, "அங்க எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கறாங்களாம் சார்" என்றார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா சார்?"

"யார் என்ன சொல்லணும்? தேவை முடிஞ்சுடுச்சு, அவ்வளவுதான்." மேனேஜரின் சட்டைக் காலர் நனைந்திருந்தது. குடோனுக்கு மேனேஜர் எதற்கு என்று மேலே கேட்க ஆரம்பித்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. தொப்பிக்காரர் மேலே சொன்னாரா, சொல்லாமல் விட்டாரா என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஸ்டெத் சார் இரண்டு மூன்று தடவை செய்தி அனுப்பினார். பதில் இல்லை.

இப்போது அவர் ஒரு ஆஸ்பத்திரியில் காற்றழுத்த மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். அட்டையைச் சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், புதுப்பித்தால் உண்டு. அங்கே அவரை யாரும் ஸ்டெத் என்று கூப்பிடுவதில்லை. கழுத்தில் ஸ்டெத் மாட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிற இடம், குழப்பமாகிவிடும் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். மனைவி பள்ளி விட்டபின் டியூஷனும் எடுக்கிறாள். மகள் ஹாஸ்டல் பேச்சை எடுப்பதில்லை.

கல்லூரியில் அடுத்த வருஷத்துக்கு எந்தப் பிரிவு என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாலை அவள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எதைப் படிச்சா அது இங்கயே இருக்கும்?"

"அப்படின்னா?"

"தூக்கிக்கிட்டுப் போக முடியாததா இருக்கணும். அப்படி எது இருக்குப்பா?"

கணக்கு வேலையை நினைத்தார். டிசைன் வேலையை நினைத்தார். ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்கேனைக்கூட இப்போது எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து யாரோ படித்துச் சொல்கிறார்கள் என்று அங்கே ஒரு நர்ஸ் சொன்னதை நினைத்தார்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்சம் யோசித்தால் அப்பா சொல்லிவிடுவார் என்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.